மிளகாய்க்கு மருந்து அப்புறம், முதலில் சருகை எரிப்பதை நிறுத்துங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. மணப்பாறை பக்கம் எங்கள் வீடு. கொல்லையில் மூன்று சென்ட் இடத்தில் வீட்டுத் தேவைக்குக் காய்கறி போட்டு வருகிறேன். மார்கழியில் நட்ட பன்னிரண்டு மிளகாய்ச் செடிகளிலும் மாசி பிறந்ததிலிருந்து இலை சுருட்டல். நுனி இலைகள் படகைக் கவிழ்த்தது மாதிரி கீழ்நோக்கி மடிந்திருக்கின்றன, காம்பு நீண்டுவிட்டது. பூவும் கொட்டுகிறது. மருந்துக் கடையில் இலையைக் காட்டினேன். வைரஸ் என்று சொல்லி மூன்று பாட்டில் கொடுத்தார்கள், 780 ரூபாய். மூன்றையும் கலந்து இரண்டு முறை அடித்தேன், முன்பைவிட மோசமாகிவிட்டது. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் தெளிக்கிறேன். வேப்பமரச் சருகையும் அன்றாடம் கூட்டி எரித்து, தோட்டத்தைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். வேறு நல்ல மருந்து உண்டா? செடியைப் பிடுங்கிவிடலாமா? பங்குனியில் தக்காளி நாற்று நடலாமா? எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, காம்பு நீண்டதையும் இலை கீழ்நோக்கி மடிந்ததையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் வேறு, அதில் இலை சிறுத்து, மஞ்சள் ஓடி, செடியே குட்டையாகிவிடும். உங்களுடையது முரணை. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் கிடைத்தால், இருப்பதிலேயே இளசான துளிரைக் கிள்ளி அடிப்பக்கம் பாருங்கள். நரம்பை ஒட்டி, வெளிர் மஞ்சளாக, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் புள்ளிகள் மெல்ல நகரும். முற்றிய இலையில் தேடினால் கிடைக்காது.

நீங்கள் எழுதி அனுப்பிய பாட்டில் பெயர்களைப் பார்த்தேன். ஒன்று இமிடாகுளோபிரிட், இன்னொன்று லாம்ப்டா சைஹாலோத்ரின், மூன்றாவது 'வளர்ச்சி டானிக்'. இமிடாகுளோபிரிட் இலைப்பேனுக்கும் வெள்ளை ஈக்கும் கேட்கும், முரணையை ஒன்றும் செய்யாது. முரணை பூச்சி இனமே அல்ல, எட்டுக்கால் சிலந்தி வகை. இரண்டாவது பாட்டில் இன்னும் மோசம். அந்த வகை மருந்து, முரணையைத் தின்று அடக்கி வைக்கும் நல்ல சிலந்திகளையும் பொறிவண்டுகளையும் கொன்றுவிடும், முரணை தப்பிக்கும். அதனால்தான் இரண்டாவது முறை அடித்தபின் கூடிப்போனது. டானிக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. பன்னிரண்டு செடிக்கு மருந்து கேட்டு வந்தவரிடம், இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மூன்று பாட்டிலைக் கட்டிக் கொடுப்பது வியாபாரம், வைத்தியம் இல்லை. 100 மில்லி இமிடாகுளோபிரிட் ஏறத்தாழ ஒரு ஏக்கர் மிளகாய்க்கு ஆகும் அளவு. மீதி பாட்டில் எங்கே இருக்கிறது? அடுப்படி அலமாரியிலோ குளியலறை மாடத்திலோ இருந்தால் இன்றே எடுத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பாட்டில் அட்டையிலோ கூட வரும் தாளிலோ 'காத்திருப்புக் காலம்' என்று போட்டிருக்கும். அத்தனை நாள் கழியும் வரை அந்தச் செடியில் பறித்த காயைச் சமைக்காதீர்கள். இதை எந்தக் கடையிலும் வாயால் சொல்ல மாட்டார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்பவரிடம் மறுபடி போக வேண்டாம்.

சரி, முரணைக்கு வருவோம். சுருண்ட நுனிகளை எல்லாம் கிள்ளி ஒரு பையில் போட்டுக் கட்டித் தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். பிறகு நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கரைத்து, வெயில் இறங்கியபின் இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. உச்சி வெயிலில் கந்தகம் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடிப்பவராக இருந்தால் இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தாலும் இலை கருகும். மூக்கை மூடித் துணி கட்டிக்கொள்ளுங்கள். மருந்து இவ்வளவுதான்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பூ ஏன் கொட்டுகிறது? அதற்கு முரணை ஒரு காரணம்தான். மீதிக் காரணம் உங்கள் கடிதத்திலேயே, நீங்கள் நல்ல பழக்கம் என்று நினைத்து எழுதிய இரண்டு வரிகளில் இருக்கிறது: காலையும் மாலையும் தெளிப்பது, சருகைக் கூட்டி எரிப்பது.

தெளிக்கிற தண்ணீர் மேல் ஒரு அங்குல மண்ணை நனைக்கும், பத்து மணிக்குள் ஆவியாகப் போய்விடும். வேரும் அந்த ஒரு அங்குலத்திலேயே தங்கப் பழகிவிடும். மதியம் அதே மண் சுட்டெரிக்கும்போது வேரும் சேர்ந்து வேகும். காலையில் ஈரம், மதியம் காய்ச்சல், மாலையில் மறுபடி ஈரம் என்று அலைக்கழித்தால் மிளகாய் முதலில் கைவிடுவது பூவைத்தான். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில், செடிக்கு ஒரு குடத்தில் கால் பங்காவது மெதுவாக ஊற்றுங்கள். பையிலும் தொட்டியிலும் இருக்கும் செடிக்கு மட்டும் தினமும் வேண்டும்.

சருகு விஷயத்தை நான் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்லப் போகிறேன். நம் ஊரில் வேம்பு இலையைக் கொட்டுவது மாசியிலும் பங்குனியிலும். அதாவது சித்திரை வெயில் வருவதற்குச் சரியாக முன்னால், மண்ணை மூடத் தேவையான பொருளை மரமே கொண்டுவந்து காலடியில் கொட்டுகிறது. அதே வாரங்களில்தான் ஒவ்வொரு கொல்லையிலும் காலையில் புகை எழுகிறது. பார்க்கும்போதெல்லாம் மனது பொறுப்பதில்லை. எரித்தால் சருகிலிருக்கும் தழைச்சத்து புகையோடு போகிறது, கரிமமும் போகிறது. மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல், அதில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் இருக்கும். கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில் அந்தச் சாம்பலையும் தினம் கொட்டினால் மண்ணின் காரத்தன்மை இன்னும் ஏறும். அதற்குப் பிறகு கடைக்குப் போய் 'மண் வளம் கூட்டும்' பாக்கெட் வாங்குகிறோம்.

இப்படிச் சருகால் மண்ணை மூடி வைப்பதற்குத்தான் மூடாக்கு என்று பெயர். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்னதில் முக்கியமானது இது. கரூர் மாவட்டம் கடவூரில் அவர் உருவாக்கிய வானகம் என்ற இயற்கை வேளாண் பண்ணை உங்களுக்குப் பக்கம்தான், ஒருநாள் போய்ப் பாருங்கள். அதுவும் உங்களைப் போன்ற வறண்ட பூமி.

போடும் முறை: முதலில் மண்ணை நன்றாக நனைத்துவிடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் மூடாக்கு போட்டால் காய்ச்சலைத்தான் மூடி வைக்கிறீர்கள். அப்புறம் வேப்பஞ்சருகு, புங்கஞ்சருகு, கடலைக்கொடி, வைக்கோல் எது கிடைத்தாலும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமனே விடுங்கள், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். தேங்காய் மட்டை இருந்தால் முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தேங்கிக் கொசு வைக்கும். சருகு மக்கி இறங்க இறங்க மேலே போட்டுக்கொண்டே வாருங்கள்.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு பாத்தியில் மட்டும் போடுங்கள், பக்கத்துப் பாத்தியை அப்படியே விடுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு இரண்டிலும் விரலை விட்டுப் பாருங்கள். வெறும் பாத்தியில் மேல்மண் ஓடு கட்டி, விரல் நுழையாது, தொட்டால் சுடும். மூடிய பாத்தியில் சருகை விலக்கினால் மண் கறுத்து, புட்டு மாவு போல உதிரும். ஒரு மாதம் போனால் சருகின் அடிப்பக்கம் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சணம் ஓடியிருக்கும். அது நோய் இல்லை, மக்க வைக்கும் வேலையாள். மண்புழு எச்சம் சின்னச் சின்ன உருண்டையாகக் கிடக்கும்.

கரையான் வரும், பாம்பு வரும் என்று வீட்டில் சொல்வார்கள். கரையான் செத்த பொருளைத் தேடித்தான் பெரும்பாலும் வருகிறது. சருகு ஈரமாக இருந்து, தண்டைத் தொடாமல் இருந்தால் செடிக்குப் பயமில்லை. வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் சருகு குவிக்காதீர்கள். பாம்பு தங்குவது குவியலில். பரப்பிய நான்கு விரல் சருகில் அதற்கு இடமில்லை. ஆனால் தேள் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. மட்டையைப் புரட்டுமுன் குச்சியால் தட்டுங்கள், செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். வேப்பஞ்சருகு போட்டால் செடி கருகும் என்பதும் ஒரு பேச்சு. வளர்ந்த செடிக்கு ஒன்றும் ஆகாது. புதிதாகக் கீரை விதை தூவிய பாத்தியில் மட்டும், முளைத்து ஒரு சாண் வரும்வரை போட வேண்டாம்.

மூடாக்கு முரணையைக் கொல்லாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வேர் குளிர்ந்தால் செடி புதுத் துளிர் விட்டு மீளும், சருகுக்குள் சிலந்தியும் தரை வண்டும் குடியேறும். இந்த உயிர்களின் பலத்தை நாம் குறைவாக எடை போடுகிறோம். 2008-இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி விவசாயிகளை அழவைத்தது. அடிக்காத மருந்து இல்லை. கடைசியில் அதை அடக்கியது 2010-இல் கொண்டுவந்து விட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு ஒட்டுண்ணிக் குளவி. மருந்தடித்த தோட்டத்தில் அந்தக் குளவியும் பிழைக்காது.

தேங்காய் நார்க்கழிவுக் கட்டியை மூடாக்காக வாங்கச் சொல்லி விளம்பரம் வருகிறது. மக்காத நார்க்கழிவில் உப்பு இருக்கும், அது மக்கும்போது மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். தொட்டிக் கலவைக்கு நன்றாக அலசிப் பயன்படுத்தலாம். கொல்லையில் சருகு கொட்டும்போது அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

பங்குனியில் தக்காளி வேண்டாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கினால் பூ நிற்காது, நாற்றுக்காரர் என்ன சொன்னாலும் சரி. இப்போது வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, புடலை, பீர்க்கு, தண்டுக்கீரை போடுங்கள். வெயிலைத் தாங்கும். தக்காளியை ஆடிக்கு ஒத்திவையுங்கள்.

எலுமிச்சைக்குப் பாத்தியைத் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாக எடுங்கள், தண்டில் நீர் படக்கூடாது. இளந்துளிரில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் பொறுக்கினால் போதும். அதே புழு கறிவேப்பிலையிலும் இருக்கும், அங்கும் பாருங்கள். கறிவேப்பிலையில் பூங்கொத்து தலைகாட்டினால் கிள்ளிவிடுங்கள், காய்க்க விட்டால் இலை குறையும். உயரமாகப் போன கிளையை இப்போதே வெட்டிவிட்டால் பக்கக் கிளை நிறைய வரும்.

கடைசியாக, பிடுங்குவதா வேண்டாமா என்ற கேள்வி. இப்போது பிடுங்காதீர்கள். நுனி கிள்ளி, இரண்டு முறை கந்தகம் அடித்து, மூடாக்கும் போட்டு மூன்று வாரம் பாருங்கள். புதுத் துளிர் நேராக வருகிற செடிகளை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாமல் சுருண்டே வருபவற்றை வேரோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொத்தவரை ஊன்றுங்கள்.