வயிறு நிறைகிறது, எடை ஏறவில்லையே?

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம். பிறக்கும்போது 2.8 கிலோ, இப்போது 7.4 கிலோதான். பத்தாவது மாதமே தாய்ப்பால் நின்றுவிட்டது. பசும்பாலில் தண்ணீர் கலந்து பாட்டிலில் தினம் ஐந்து வேளை கொடுக்கிறேன். சாதம் ஊட்டினால் துப்புகிறான். நீர்க்கஞ்சியும் பிஸ்கட்டும்தான் இறங்குகிறது. அங்கன்வாடி டீச்சர் வளர்ச்சி அட்டையில் மஞ்சள் என்கிறார். கையை டேப்பால் அளந்து 12 செ.மீ. என்றார். 'அவங்கப்பா மாதிரி ஒல்லி வாகு' என்கிறார் மாமியார். சத்து பானம் டப்பா வாங்கலாமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: டப்பா வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

முதல் இரண்டு வயதில் வளர்ச்சியை அப்பாவின் வாகைவிடச் சாப்பாடும் நோயும்தான் முடிவு செய்கின்றன. அட்டையிலுள்ள கோடுகள் இந்தியா உட்பட ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டவை. 14 மாத ஆண் குழந்தைக்கு நடுக்கோடு 10.1 கிலோ. 8.1-க்குக் கீழே மஞ்சள், அதாவது எடைக் குறைவு; 7.2-க்குக் கீழே ஆரஞ்சு, அதாவது கடுமையான எடைக் குறைவு. உங்கள் மகனுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே 200 கிராம்தான் இருக்கிறது. நாலு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் அதுவும் போய்விடும்.

சிக்கல் பாலில் இருக்கிறது. தண்ணீர் கலந்த பால் வயிற்றை அடைத்துவிடுகிறது. சாதத்துக்கு இடமில்லை, துப்புகிறான். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலே பிரதானமானால் ரத்தசோகை வரும், ரத்தசோகை வந்தால் பசி மந்தமாகும். பசியில்லையே என்று நீங்கள் இன்னொரு பாட்டில் கொடுப்பீர்கள். ஆகவே தண்ணீர் கலக்காத பால், நாளுக்கு 400 மில்லிக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு, டம்ளரில். பாட்டிலின் நிப்பிளை எவ்வளவு கழுவினாலும் கிருமி தங்கும்.

தாய்ப்பால் இல்லாத இந்த வயதுக் குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 900 கலோரி தேவை. பால் 250 தரும். ஒரு கிண்ணம் நீர்க்கஞ்சியில் 60 தேறினால் பெரிது. இரண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, குக்கரில் குழைய வேகவைத்துக் கையால் மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் 175 கலோரி. இதில் 45 அந்த எண்ணெயிலிருந்து வருவது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக்கூடாது, அதுதான் பதம். மிக்ஸியில் கூழாக்காதீர்கள், மெல்லப் பழகவே மாட்டான். இப்படி மூன்று வேளை, நடுவில் ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம் என்றால் கணக்கு சரியாகும். பிஸ்கட்டை நிறுத்துங்கள்; அது மைதாவும் சர்க்கரையும்தான்.

கஞ்சிதான் பிடிக்கிறதென்றால் கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் காயவைத்து, லேசாக வறுத்து அரையுங்கள். முளைகட்டிய மாவு அவ்வளவாகக் கெட்டிப்படாது. அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போடலாம். கருக வறுத்தால் அந்த குணம் போய்விடும். அங்கன்வாடி சத்துமாவையும் இவனுக்கே கொடுங்கள், வீட்டில் எல்லாருக்குமாகக் கரைத்துவிட வேண்டாம்.

கிராம செவிலியரிடம் இரும்புச்சத்து சிரப் இலவசமாகக் கிடைக்கும்: வாரம் இருமுறை, 1 மில்லி. மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் இந்த வயதில் அரை மாத்திரை (200 மி.கி.), ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பொடித்துத் தண்ணீரில். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ்., கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை. சாப்பாட்டை நிறுத்தக் கூடாது.

மாதம் ஒருமுறை அதே தராசில், துணி கழற்றி எடை பாருங்கள். இப்படி ஊட்டியும் மாதத்தில் கால் கிலோ ஏறவில்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்று, காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். டீச்சர் டேப்பால் அளந்த மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இறங்கினாலோ, இரு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்ததும் குழி நின்றாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வீக்கத்தில் தேங்கிய நீரும் எடையாகத்தான் காட்டும். அப்போது தராசை நம்பாதீர்கள்.