ஃபார்மில் பெட்டி சேர்ப்பது: கேட்டதும் சொன்னதும்

அம்பத்தூரில் ஞாயிறு காலை வகுப்பு முடிந்ததும் வலைப்பக்கத்தில் நிரப்பும் ஃபார்மும் அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் பற்றிப் பிள்ளைகள் கேட்டவையும் நான் சொன்னவையும் இவை.

அக்கா, திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ்ஸுக்கு டிபன் ஆர்டர் ஃபார்ம் செய்கிறேன். இட்லி 2, வடை 3 என்று போட்டால் மொத்தம் 23 என்று காட்டுகிறதே?

இன்புட்டின், அதாவது நிரப்பும் பெட்டியின், வேல்யூ எப்போதும் ஸ்ட்ரிங்தான் (எழுத்துத் தொடர்) தம்பி. டைப்பை நம்பர் என்று வைத்தாலும் அப்படித்தான். அதனால் இரண்டும் கூடாமல் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொன்றையும் நம்பர் ஃபங்ஷனில் போட்டு எண்ணாக்கிவிட்டுக் கூட்டு.

அதே ஃபார்மில் ‘இன்னொரு ஐட்டம்’ பட்டனைத் தட்டினால் புது வரிசை வருகிறது. ஆனால் முன்பு நிரப்பியதெல்லாம் காலியாகிவிடுகிறது.

இன்னர்ஹெச்டிஎம்எல்லோடு, அதாவது பெட்டிகள் இருக்கும் பகுதியின் ஹெச்டிஎம்எல் எழுத்தோடு, += போட்டுச் சேர்த்திருப்பாய். நானும் முதல் வேலையில் இதையேதான் செய்தேன். வாடிக்கையாளர் நாலு வரி முகவரி அடித்து முடித்தபின் எல்லாம் போய்விட்டது, அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அந்த ஒரு வரி, பழைய பெட்டிகளையும் ஹெச்டிஎம்எல் எழுத்தாக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து கட்டுகிறது. வாடிக்கையாளர் தட்டிய ‘3’ அந்த எழுத்தில் கிடையாது, பெட்டியின் நினைவில்தான் இருந்தது. பெட்டியே புதிது என்றால் நினைவும் போச்சு. அதில் மாட்டியிருந்த ஈவன்ட் லிசனர்களும் (தட்டும்போது, அடிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்கள்) கூடவே போகும். கிரியேட்எலிமென்ட் வைத்து ஒரு இன்புட் உருவாக்கி, டைப்பும் நேமும் கொடுத்து, அப்பெண்டால் கடைசியில் சேர். பழையதை யாரும் தொட மாட்டார்கள்.

ஐடி கொடுத்திருக்கிறேன், ஆனாலும் புதுப் பெட்டியில் அடித்தது சர்வருக்குப் போகவில்லை.

நேம் கொடுத்தாயா? ஐடி நீ ஸ்கிரிப்டில் தேடிப் பிடிக்க. நேம் இல்லாத பெட்டியை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. டிசேபிள் செய்ததும் போகாது, ரீட்ஒன்லி (படிக்க மட்டும்) என்றால் போகும். டிக் அடிக்காத செக்பாக்ஸும் போகாது, ‘இல்லை’ என்றுகூட வராது.

ஐடி வைத்துப் பெட்டியைத் தேடும் கெட்எலிமென்ட்பைஐடி ‘நல்’ (எதுவும் இல்லை) என்கிறது. ஐடி எழுத்துப் பிழை இல்லை, பார்த்துவிட்டேன்.

ஸ்கிரிப்ட் டேக் ஹெட்டில், அதாவது பக்கத்தின் தொடக்கப் பகுதியில், இருக்கிறதா? பெட்டி உருவாகும் முன்பே தேடுகிறாய். ஸ்கிரிப்ட் தனி ஃபைலில் இருந்தால் அந்த டேக்கில் டிஃபர் சேர், பக்கம் முழுதும் படித்த பிறகே ஸ்கிரிப்ட் ஓடும், சரியாகும்.

ஃபார்மை ஸ்கிரிப்டிலிருந்து அனுப்பினால் ‘சப்மிட் ஒரு ஃபங்ஷன் இல்லை’ என்று எரர் வருகிறது, அக்கா.

உன் பட்டனின் நேம் ‘சப்மிட்’ என்றிருக்கும். ஃபார்மில் அந்தப் பெயரைக் கேட்டால் இப்போது பட்டன்தான் கிடைக்கும், ஃபங்ஷன் மறைந்துவிடும். நேமை ‘அனுப்பு’ என்று மாற்று. அப்புறம், சப்மிட்டை விட ரிக்வெஸ்ட்சப்மிட் நல்லது. கட்டாயப் பெட்டி காலியாக இருந்தால் அதுதான் தடுக்கும், சப்மிட் அப்படியே அனுப்பிவிடும்.