பக்கத்து மனைக்காரர் மேல் ரிட் போட முடியுமா?

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டி நாலு சென்ட் இடம். அப்பா காலத்திலிருந்து முப்பது வருஷமாக மாட்டுக் கொட்டகை போட்டு அனுபவித்து வந்தோம். பட்டா எங்கள் பேரில் இல்லை. பக்கத்து மனைக்காரர் ஒரு ராத்திரி ஆட்களோடு வந்து கொட்டகையைப் பிரித்துப் போட்டு, கம்பி வேலி அடைத்துவிட்டார். வி.ஏ.ஓ.வும் அங்கே நின்றார். ஸ்டேஷனில் ‘சிவில் விவகாரம்’ என்று எழுதி, சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதை மட்டும் போட்டு முடித்துவிட்டார்கள். நாலு மாதம் இருபது நாள் ஆகிறது. எல்லாருக்கும் நீதி என்று அரசியலமைப்பின் முகவுரையில் எழுதிய நாட்டில் எனக்கு மட்டும் நீதி இல்லையா? சமத்துவம், உயிர் வாழும் உரிமை, சொத்துரிமை பற்றிய பிரிவு 14, 21, 300-ஏ மீறப்பட்டதாக ஹைகோர்ட்டிலோ, பிரிவு 32-ன் கீழ் நேராக சுப்ரீம் கோர்ட்டிலோ ரிட் (அரசுக்கு எதிராக உத்தரவு கேட்கும் மனு) போட நினைக்கிறேன். அடிப்படை உரிமை தனியார் மேலும் செல்லும் என்று 2023-ல் தீர்ப்பு வந்திருக்கிறதே?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரிதான்: நாலு மாதம் இருபது நாள். இடத்தைத் திரும்பப் பெற சிவில் வழக்குப் போட உள்ள ஆறு மாதத்தில் உங்களிடம் மிச்சம் இருப்பது நாற்பது நாள். கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த மற்றவை, பக்கத்து மனைக்காரர் அரசியல் கட்சிக்காரர் என்பது, அப்பாவைப் பற்றி அவர் பேசிய பேச்சு, இன்ஸ்பெக்டர் உட்காரச் சொல்லாதது எல்லாம் மனதை வருத்துகிற விஷயங்கள். ஆனால் இந்த வழக்கில் அவற்றுக்கு வேலை இல்லை.

அரசியலமைப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போனால் நீங்கள் ரிட் போட்டுவிடுவீர்கள் என்று தோன்றுகிறது. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

அடிப்படை உரிமைகளை எழுதியவர்களில் பலர் விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்தவர்கள். அப்படிச் சிறையில் அடைக்க வெள்ளைக்காரர் கொண்டுவந்த ரவுலட் சட்டத்தைப் பார்த்தவர்கள். 1928 நேரு அறிக்கையிலும் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்திலும் உரிமைப் பட்டியல் கேட்டபோது அவர்கள் கண்முன் நின்றது அரசாங்கம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் பணக்காரருக்கும் எதிராகக் கோர்ட்டுகள் ஏற்கெனவே இருந்தன. அரசாங்கத்தைக் கட்டிப்போடத்தான் எதுவும் இல்லை. அதனால்தான் பிரிவு 12-ல் ‘அரசு’ என்றால் யார் என்று முதலில் வரையறுத்துவிட்டு, அதற்கப்புறம் உரிமைகளை வரிசையாகச் சொன்னார்கள். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அந்த வரையறை விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் தந்த விளக்கமும் இதுதான்: அதிகாரம் உள்ள ஒவ்வோர் அமைப்பையும் இந்த உரிமைகள் கட்டுப்படுத்த வேண்டும்.

தனிமனிதர்களையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று நினைத்த இடங்களில் அதை அவர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள். கடை, ஓட்டல், கிணறு, குளம், குளிக்கும் துறை என்று பிரிவு 15(2) பெயர் சொல்லிப் பேசுகிறது. தீண்டாமையைப் பிரிவு 17 ஒழிக்கிறது, யார் கடைப்பிடித்தாலும். கொத்தடிமை வேலையைப் பிரிவு 23 தடுக்கிறது, குழந்தைகளைத் தொழிற்சாலையில் வைப்பதைப் பிரிவு 24 தடுக்கிறது. வேலித் தகராறை அந்தப் பட்டியலில் அவர்கள் சேர்க்கவில்லை. மறந்து விட்டுவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு பிரிவையும் வார்த்தை வார்த்தையாக வாதிட்ட சபை அது.

1951-லேயே இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஷாம்தாசானி என்பவர், தன் பங்குகளை வங்கி விற்றுவிட்டது, சொத்துரிமை போயிற்று என்று பிரிவு 32-ன் கீழ் வந்தார். வங்கி அரசு அல்ல, தனியாரிடம் இழந்த சொத்துக்குச் சாதாரணச் சட்டத்தில்தான் பரிகாரம் தேட வேண்டும் என்று தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தீர்ப்பு எழுதினார். உங்கள் மனுவுக்கும் அதேதான் நடக்கும்.

நீங்கள் சொல்லும் 2023 தீர்ப்பு கௌஷல் கிஷோர் வழக்கு. ஐந்து நீதிபதிகளில் நால்வர், பிரிவு 19-ம் 21-ம் தனியார் மேலும் செல்லும் என்றது உண்மை. ஆனால் அது அமைச்சர்களின் பேச்சுரிமை பற்றி எழுந்த வழக்கு. அதைக் காட்டி நாலு சென்ட் இடத்தை ரிட்டில் மீட்க முடியாது. அப்புறம் 300-ஏ. 1978-ன் 44-வது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்து அங்கே வைத்தது. பிரிவு 32 அடிப்படை உரிமைகளுக்கான கதவு. 300-ஏ-வை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது. அந்தப் பிரிவு சொல்வதுகூட, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவர் சொத்தைப் பறிக்கக் கூடாது என்று அரசுக்குத்தான். பக்கத்து மனைக்காரருக்குப் பறிக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் கிடையாது. அவர் செய்தது சாதாரண அத்துமீறல்.

வி.ஏ.ஓ. நின்றாரே என்பீர்கள். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று தாசில்தார் போட்ட எழுத்து உத்தரவு ஏதாவது இருந்தால் உடனே சொல்லுங்கள், அப்போது அரசே செய்ததாக ஆகி, கதை மாறிவிடும். வெறுமனே நின்றார் என்பது போதாது.

சரி, நாற்பது நாளுக்கு வருவோம். 1963-ன் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தில் 6-வது பிரிவு இருக்கிறது. சம்மதம் இல்லாமல், சட்ட வழியில் அல்லாமல் ஒருவரை இடத்தைவிட்டு வெளியேற்றினால், அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். இடம் யாருக்குச் சொந்தம் என்பதைக் கோர்ட் பார்க்காது. அனுபவத்தில் இருந்தீர்களா, பலவந்தமாக வெளியேற்றப்பட்டீர்களா, அவ்வளவுதான் கேள்வி. பட்டா இல்லாத உங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. 1877 சட்டத்தின் 9-வது பிரிவாக இருந்து வந்த உரிமை இது. பழைய சட்டங்கள் தொடரும் என்று பிரிவு 372-ல் எழுதி, இதையும் அரசியலமைப்பு நமக்கு விட்டுவைத்தது. முகவுரை உங்களுக்குச் சொன்ன நீதி இந்த முன்சீப் கோர்ட் வாசலில்தான் இருக்கிறது. அதைச் சின்ன இடம் என்று நினைக்காதீர்கள்.

வழக்குக்காக என்னிடம் வந்தவர்கள் பலர் இங்கேதான் விழுந்தார்கள். ஹைகோர்ட் என்றால் எதிராளி பயப்படுவான் என்று ரிட் போடுவார்கள். அது நம்பர் ஆகி, நோட்டீஸ் போய், எதிர் மனு வந்து, கடைசியில் ‘மனுதாரர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்’ என்ற ஒரு வரியோடு முடியும். அல்லது ‘புகாரைப் பரிசீலிக்கவும்’ என்று போலீசுக்கு ஓர் உத்தரவு வரும். போலீஸ் பரிசீலித்து, சிவில் விவகாரம் என்று மறுபடி எழுதும். அதற்குள் ஆறு மாதம் தாண்டியிருக்கும்.

தவறான கோர்ட்டில் போன நாட்களைக் கழித்துக்கொள்ள, வழக்குக்குக் கால வரம்பு வைக்கும் லிமிடேஷன் சட்டத்தின் 14-வது பிரிவு இருக்கிறதே என்று யாராவது தைரியம் சொல்வார்கள். அதை நம்பி இறங்காதீர்கள். நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் அந்த வழக்கை நடத்தியதாக நீங்கள் நிரூபிக்க வேண்டும். உங்கள் சி.எஸ்.ஆரிலேயே ‘சிவில் விவகாரம்’ என்று எழுதியிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான்.

இன்னொரு சேதம் ரிட் மனுவோடு போடும் பிரமாணப் பத்திரத்தில் நடக்கும். அனுதாபம் வரட்டும் என்று பட்டா இல்லை, பத்திரம் இல்லை என்றெல்லாம் அதில் எழுதிவிடுவார்கள். பின்னால் உரிமை வழக்கு வரும்போது அதே வரிகளைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்வார்கள். ஆறு மாதம் தாண்டினால் உங்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அந்த வழக்குதான். முப்பது வருஷ அனுபவத்தை அங்கே சாட்சி வைத்து, எதிரிடை அனுபவம் (நீண்ட காலம் வெளிப்படையாக அனுபவித்ததாலேயே வரும் உரிமை) என்ற நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அது வருஷக்கணக்கில் இழுக்கும், தோற்பதற்கும் இடம் உண்டு.

6-வது பிரிவு வழக்கிலும் ஒரு குழி இருக்கிறது. இருக்கட்டுமே என்று ‘இடம் எனக்குச் சொந்தம்’ என்று கோர்ட் அறிவிக்கக் கேட்கும் விளம்புகை கோரிக்கையை அதே பிராதில் (வழக்கு மனுவில்) சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்தால் உரிமை விவாதம் உள்ளே வந்துவிடும், சுருக்கமான வழக்கு நீண்ட வழக்காகிவிடும். சேர்க்காதீர்கள். கொட்டகைக்கு வந்த மின் கட்டண ரசீது, பழைய போட்டோ, பால் சொசைட்டி அட்டை, அக்கம்பக்கத்துச் சாட்சி, பிரித்துப்போட்ட தேதியைக் காட்டும் சி.எஸ்.ஆர். ஆகியவை போதும். எதிராளி கட்டடம் எழுப்பாமல் இருக்கத் தடை மனுவும், கோர்ட் சார்பில் இடத்தைப் பார்க்கக் கமிஷனரை அனுப்பக் கேட்கும் மனுவும் கூடவே போடுங்கள். இதில் வரும் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது, அதனால் முதல் முறையே ஒழுங்காக நடத்த வேண்டும். கோபத்தில் நீங்களும் ராத்திரி ஆள் திரட்டிப் போய் வேலியைப் பிடுங்கினால் கிரிமினல் வழக்கு உங்கள் மேல் வரும்.

ஜெயித்தாலும் கதை முடியாது. அவர் உரிமை வழக்குப் போடலாம், அதைச் சட்டமே அனுமதிக்கிறது. அங்கே உங்கள் கை பலமாக இல்லை. அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்: சமாதானம் ஆகிவிடுங்கள். கொட்டகை இருந்த பாதியை நீங்கள் வைத்துக்கொண்டு மீதியை விட்டுக்கொடுப்பதோ, ஒரு தொகை கொடுத்து நாலு சென்ட்டையும் உங்கள் பேரில் பதிவு செய்துகொள்வதோ, எது படிகிறதோ அது. ஆனால் வழக்கைத் தாக்கல் செய்த பிறகு பேசுங்கள். ‘அடுத்த வாரம் பெரியவர்கள் முன்னால் உட்காரலாம்’ என்று அவர் தள்ளித் தள்ளிப் போட்டாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பேசி முடித்ததை ராஜி (சமாதான) மனுவாகக் கோர்ட்டில் பதிவு செய்யுங்கள். இரண்டு சாட்சி கையெழுத்து போட்ட ஸ்டாம்ப் பேப்பரோடு விட்டுவிடாதீர்கள்.

கொட்டகை பிரிக்கப்பட்ட தேதியை சி.எஸ்.ஆரில் பார்த்து, ஆறு மாதம் எந்த நாளில் முடிகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே உங்கள் ஊர் முன்சீப் கோர்ட் வக்கீல் ஒருவரைப் பார்த்து, அந்தத் தேதியை முதலில் சொல்லுங்கள்.