உரைக் கோப்பு ஒன்றின் வரிகளில், கடைசிப் புலத்தை (நெடுவரிசையை) வைத்துத் தேடினால் மட்டும் பெர்ல் ஸ்கிரிப்டுக்கு எதுவும் கிடைப்பதில்லை, ஏன்?

விண்டோஸில் உருவான கோப்பு, பிரிப்பான் |, ஸ்கிரிப்ட் ஓடுவது லினக்ஸில், நடுநடுவே 'அன்இனிஷியலைஸ்டு' (மதிப்பே இல்லாததைப் பயன்படுத்துகிறீர்கள்) எச்சரிக்கை. இவ்வளவு சொன்னதே போதும், நிபந்தனையில் கை வைக்காதீர்கள். பிழை அதற்கு முன்பே, வரியைப் படித்து வெட்டும் இடத்தில் இருக்கிறது.

முதல் 3 வரிகளை மட்டும் படித்து, ஒவ்வொரு புலத்தையும் [ ] அடைப்புக்குள் அச்சிடுங்கள். கடைசிப் புலத்தின் ] குறி வரியின் தொடக்கத்துக்குத் தாவி, அங்கிருந்த [ மேல் உட்கார்ந்தால், கேரேஜ் ரிட்டர்ன் (வரித் தொடக்கத்துக்குத் திருப்பும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து) ஒட்டிக்கொண்டிருக்கிறது. லினக்ஸில் சோம்ப் (வரி முடிவை நீக்கும் பெர்ல் கட்டளை) நீக்குவது நியூலைனை மட்டும்தான். விண்டோஸ் வரி முடிவில் அதற்கு முன்னால் இருக்கும் கேரேஜ் ரிட்டர்ன் அப்படியே தங்கிவிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஒப்பிடும்போது பொருந்தாது. கோப்பைத் திறக்கும்போதே, விண்டோஸ் வரி முடிவை வெறும் நியூலைனாக மாற்றிப் படிக்கும் சிஆர்எல்எஃப் லேயரைச் சேர்த்துவிடுங்கள். கோப்பை ஒருமுறை மாற்றி வைப்பதைவிட இதுவே நல்லது, அடுத்த கோப்பும் இப்படித்தான் வரும்.

எச்சரிக்கைக்குக் காரணம் வேறு: வெற்று வரி போன்ற சில வரிகளில் புலங்கள் குறைவாகக் கிடைக்கின்றன. வரியை வெட்டும் ஸ்பிளிட் கட்டளையும், வரிக் கடைசியில் வரிசையாக உள்ள வெற்றுப் புலங்களைத் தானாகவே கழித்துவிடும். 7 புலங்களில் கடைசி 2 காலி என்றால் கைக்கு வருவது 5தான். மூன்றாவது ஆர்க்யுமென்டாக -1 கொடுத்தால் ஏழும் வரும். சிஆர்எல்எஃப் லேயர் சேர்த்த பிறகுதான் இது அவசியமாகிறது: அதுவரை கடைசிப் புலம் காலியாக இருந்தாலும் ஒட்டியிருந்த எழுத்தால் தப்பித்துக்கொண்டிருந்தது.

அடைப்புகளில் ஒற்றை எழுத்துகளாகச் சிதறியிருந்தால், '|' என்று கொடுத்திருப்பீர்கள். மேற்கோளுக்குள் இருந்தாலும் ஸ்பிளிட் அதை ரெகுலர் எக்ஸ்பிரஷனாகவே (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமொழியாகவே) எடுத்துக்கொள்ளும். அங்கே | என்றால் 'அல்லது'. இருபுறமும் ஒன்றுமில்லாததால் எழுத்துக்கு எழுத்து வெட்டும். /\|/ என்று எழுதுங்கள்.

முதல் புலத்தின் தலைப்பு மட்டும் பொருந்தாவிட்டால், கோப்பின் தொடக்கத்தில் 3 பைட் பிஓஎம் (எழுத்துக் குறியாக்கத்தைக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத குறி) இருக்கிறதா என்று பாருங்கள்.

எதைத் தேடினாலும் எல்லா வரிகளும் வந்தால், சொற்களை == வைத்து ஒப்பிட்டிருப்பீர்கள். எண்ணாக மாறாத சொற்கள் இரண்டும் 0 ஆகிவிடும். சொற்களுக்கு 'ஈக்யூ'தான். ஆனால் எண்களுக்கு ஈக்யூ போட்டால் 007உம் 7உம் வேறாகிவிடும்.

வெட்டியதும் புல எண்ணிக்கையைத் தலைப்பு வரியோடு ஒப்பிட்டு, மாறுபட்டால் $. தரும் வரி எண்ணை அச்சிடுங்கள். புலத்துக்குள்ளேயே | இருக்கும் வரிகள் அதில் சிக்கும். அவை இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால் ஸ்பிளிட்டை விட்டுவிட்டு, மேற்கோள்களைப் புரிந்து வெட்டும் டெக்ஸ்ட்::சிஎஸ்வி மாட்யூலுக்கு மாறுங்கள்.