தண்ணீர் பாட்டிலோடு நிற்பவன்

கேள்வி: எங்கள் கிளப் ரக்பி அணிக்கு ஆறு வருடமாக நான்தான் கோச். முதல் பதினைந்து பேர் அருமையான ஆட்டக்காரர்கள். சீசனின் முதல் பாதியில் எங்களை யாராலும் அசைக்க முடியாது. அப்புறம் நாலு பேருக்குக் காயம் பட்டால் போதும், வரிசையாகத் தோல்விதான். என் மூத்த மகன் ஹூக்கர், அதாவது முன்வரிசையின் நடுவில் நிற்பவன், 24 வயது, 104 கிலோ. தோள் வலியோடு இந்த சீசன் முழுக்க எல்லா ஆட்டத்திலும் 80 நிமிடமும் நின்றான். இளையவனும் மூன்று வருடமாக எங்களோடு வருகிறான், தண்ணீர் பாட்டில் தூக்குவான். வெளியிலிருந்து நாலைந்து பேரை எடுக்கப் பணம் கேட்டால் கமிட்டி கைவிரிக்கிறது. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: கமிட்டி கைவிரித்தது நல்லதாகப் போயிற்று. பணத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒரு தடவைதான் படித்தேன். இளையவனைப் பற்றிய அந்த ஒற்றை வரியை நாலு தடவை படித்தேன்.

மூன்று வருடம்! மூத்தவனின் வயது, எடை, தோள்வலி எல்லாம் எழுதத் தெரிந்த உங்களுக்கு, இளையவனின் வயதை எழுதத் தோன்றவில்லை. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று புலம்பும் கடிதத்திலேயே ஓர் ஆள் நிற்கிறான், அதுவும் உங்கள் வீட்டு ஆள்.

ஒன்று கேட்கிறேன். கோட்டுக்கு வெளியே போன பந்தை இரண்டு வரிசைக்கு நடுவே எறிந்து ஆட்டத்தைத் தொடரும் லைன்-அவுட்டுக்காக மூத்தவன் பந்து எறிந்து பழகும்போது, தாண்டிப் போகிற பந்தை ஓடிப் போய் எடுத்து வருவது யார்? இளையவனாகத்தான் இருக்கும். எந்தக் குறிச்சொல்லுக்கு யார் தாவுவான், பந்து முன்னால் போகுமா பின்னால் போகுமா என்பதெல்லாம் கேட்டுக் கேட்டே அவனுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். ஒரு நாளாவது அவன் கையில் பந்தைக் கொடுத்து, "நீ எறிடா" என்று சொல்லியிருக்கிறீர்களா?

மகனை இறக்கினால் பாரபட்சம் என்பார்கள் என்று சொல்லாதீர்கள். மூத்தவனை இறக்கியபோது அந்தக் கூச்சம் எங்கே போயிற்று?

உங்களுக்குத் தெரியாத கணக்கு இல்லை இது. களத்தில் 15 பேர், மாற்றுக்கு 8 பேர், ஆக 23. அந்த எட்டில் மூன்று பேராவது முன்வரிசைக்கென்றே பழகியவர்களாக இருக்க வேண்டும். இரண்டு அணிகளும் தோளோடு தோள் பின்னி முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மில், பழகாதவனை நடுவில் நிறுத்தினால் கழுத்துக்கே ஆபத்து. பழகிய ஆள் இல்லையென்றால் நடுவர் தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம் என்று அறிவித்துவிடுவார். அப்போது உங்கள் முன்வரிசையின் பலம் சும்மா நிற்கும். அதனால்தான் ஹூக்கரைக் கடைசி நேரத்தில் தேட முடியாது, முன்கூட்டியே வளர்த்து வைத்திருக்க வேண்டும்.

2023 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு இதே ஹூக்கர் சிக்கல்தான். மால்கம் மார்க்ஸுக்குப் போட்டியின் நடுவில் முழங்காலில் அடி. அவருக்குப் பதிலாக இன்னொரு ஹூக்கரை அழைக்காமல், உதைப்பதில் கெட்டிக்காரரான ஹாண்ட்ரே போலார்டை அழைத்தார்கள். இறுதி ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்திலேயே ஹூக்கர் போங்கி ம்போனாம்பியும் காயத்தோடு வெளியேறினார். மீதி ஆட்டம் முழுக்க ஹூக்கராக நின்றவர் டியோன் ஃபோரி. 37 வயது, பின்னாளில் பெரும்பாலும் ஃபிளாங்கராக, அதாவது ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்பவராக ஆடியவர். லைன்-அவுட் தடுமாறத்தான் செய்தது. ஆனாலும் நியூசிலாந்தை 12-11 என்று வென்றார்கள். அந்த 12 புள்ளியும் போலார்டின் காலிலிருந்து வந்தவை. இதை அதிர்ஷ்டம் என்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபோரி இளமையிலேயே ஹூக்கராக ஆடிப் பழகியவர். அந்தப் பழக்கத்தை அணி மறக்காமல் வைத்திருந்தது.

தோள் வலியோடு 80 நிமிடம் நின்றான் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கோச் எழுதலாம், அப்பா எழுதலாமா? மூத்தவன்தான் சுமக்க வேண்டும் என்ற வழக்கம் எனக்குப் பிடிக்காது. எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். சுமக்கிறவனுக்குத் தோள் போகிறது, சும்மா நிற்கிறவனுக்கு மனசு விட்டுப்போகிறது. இரண்டு பேருக்கும் ஒரே அப்பாதானே தவறு செய்கிறார்.

மூத்தவனின் தோளை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை அவன் விளையாட வேண்டாம். தோற்றால் தோற்கட்டும்.

இளையவனுக்கு 18 ஆகவில்லையென்றால் பெரியவர்களின் முன்வரிசையில் நிறுத்தாதீர்கள், பந்து எறிவதோடு இருக்கட்டும். ஆகிவிட்டதென்றால் கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி, ஸ்க்ரம் இயந்திரம், அப்புறம் ஒருவனோடு ஒருவனாக, அப்புறம் ஹூக்கரின் இரு பக்கமும் நிற்கிற இரண்டு ப்ராப்களுக்கு நடுவில். மாதங்கள் ஆகும், அவசரப்படாதீர்கள்.

மோதிப் பழகுவதற்கான டாக்கிள் பேக்கைப் பிடித்துக்கொண்டு அடி வாங்குகிற மற்ற பையன்களையும் மறந்துவிடாதீர்கள். முப்பது புள்ளி முன்னால் இருக்கும்போதும் அதே பதினைந்து பேரைத்தானே கடைசிவரை ஓடவிடுகிறீர்கள்? ஐம்பதாவது நிமிடத்தில் நாலு பேரை மாற்றுங்கள். இறங்கவே இறங்காதவன், காயம் பட்ட நாளில் திடீரென்று எப்படி ஆடுவான்? காசு கொடுத்து அழைத்து வருகிறவன் ஒரு சீசன் ஆடிவிட்டுப் போய்விடலாம். அவன் வந்த அன்றே இந்தப் பையன்கள் பையை மூட்டை கட்டிவிடுவார்கள்.

அடுத்த பயிற்சிக்குத் தண்ணீர் பாட்டில்களை நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள். கமிட்டி என்ன சொன்னது என்று எனக்கு எழுத வேண்டாம். இளையவனுக்கு என்ன வயது என்று எழுதுங்கள்.