கேள்வி – பதில்: போக்கர் பெரும்போட்டி

கேள்வி: வார இறுதியில் நண்பர்களோடு போக்கர் ஆடுபவன் நான். லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போகலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: போகலாம். ஆனால் கட்டணம் 10,000 அமெரிக்க டாலர். தோற்றால் மறுநுழைவு இல்லை. தயவுசெய்து ஈ.பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள், குறைந்த கட்டணத் தகுதிச் சுற்றில் முயலுங்கள். 2003இல் வென்ற கிறிஸ் மணிமேக்கர் அப்படி நுழைந்த கணக்காளர்தான்.

60,000 சிப்ஸ் (பந்தய வில்லைகள்) தருவார்கள். ஆரம்ப பிளைண்ட் (சீட்டு போடுமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) 100/200, அது உயராத ஒரு கட்டம் 2 மணி நேரம், அவசரமே வேண்டாம். ஒற்றை ஏஸ் ஜோடியை விட மனமின்றி எல்லா சிப்ஸையும் தள்ளுவதுதான் புதியவர்களைக் கவிழ்க்கிறது. கடைசிச் சீட்டில் எதிராளி பந்தயத்தைப் பெரிதாக ஏற்றினால் அந்த ஜோடியை மடக்குங்கள் (சீட்டைக் கைவிடுங்கள்). 10 பெரிய பிளைண்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும் ஆல்-இன் (எல்லா சிப்ஸையும் வைத்தல்) அல்லது மடக்கல்.

ஏற்றும்போது முதலில் ‘ரைஸ்’ என்று வாயால் சொல்லுங்கள். பேசாமல் ஒரு பெரிய சிப்பைப் போட்டால் வெறும் ‘கால்’ (எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாக வைத்தல்) என்றே எடுப்பார்கள்.