சக் சுற்றுவது வேறு, இரும்பு ஓடுவது வேறு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலைகளுக்கு ஷாப்ட் (சுழலும் இரும்புத் தண்டு) கடைந்து கொடுக்கிற பட்டறைக்காரன் நான். வெட்டு வேகம் பற்றித் தம்பிமார் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணே, லேத் (கடைசல் மெஷின்) 500ல ஓடுது. அதுதானே வெட்டு வேகம்?

இல்லை தம்பி. 500 என்பது சக், அதாவது இரும்பைப் பிடித்துச் சுற்றும் பிடி, நிமிடத்துக்குச் சுற்றும் கணக்கு. வெட்டும் டூலின் முனையைத் தொட்டபடி நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் இரும்பு ஓடுகிறது என்பதே வெட்டு வேகம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடு, 3.14ஆலும் சுற்றாலும் பெருக்கு, 1000ஆல் வகு. 500 சுற்றில் 16 மில்லி பின் (சின்ன இரும்புத் தண்டு) என்றால் 25 மீட்டர். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கும் மைல்ட் ஸ்டீலுக்கும் (மென் எஃகு) சுகமான வேகம். அதே 500ல் 90 மில்லி ஷாப்டைப் பிடித்தால் 141 மீட்டர்!

பழகும் காலத்தில் நானே இதில் மாட்டினேன். சின்னப் பின் கடைந்த கையோடு கியரை மாற்றாமல் பெரிய ஷாப்டை ஏற்றிவிட்டேன். கீச்சென்று ஒரு சத்தம், புகை. டூல் முனை நீலம் பாரித்து மழுங்கிப் போயிருந்தது. ஷாப்டில் கண்ணாடி மாதிரி ஒரு வளையம். போர்மேன் திட்டவில்லை, சாணைக்கல்லைக் காட்டினார். அதுதான் அதிகம் வலித்தது.

வேகம் தெரியும், சுற்று வேணும்னா?

வேகத்தை 318ஆல் (1000ஐ 3.14ஆல் வகுத்தது) பெருக்கி விட்டத்தால் வகு. 25 மீட்டர், 75 மில்லி: 106 சுற்று. கியரில் அந்த எண் இருக்காது. அதற்குக் கீழே உள்ளதைப் போடு.

ட்ரில்லுக்கு எந்த விட்டம்?

ட்ரில்லின் விட்டம்தான். மில்லிங்கில் (சுழலும் கட்டரால் சீவுவது) கட்டருடையது. சுற்றுவது எதுவோ அதை அள.

பேசிங் (தண்டோட முகப்பைச் சீவுறது) பண்ணா ஓரம் வழவழன்னு வருது, நடுவுல சொரசொரன்னு இருக்கே மாமா?

நடுவே போகப் போக விட்டம் குறைகிறது, சுற்று மாறவில்லை. 200 சுற்றில் 100 மில்லி ஓரத்தில் 63 மீட்டர், 10 மில்லிக்கு வந்தால் ஆறே சொச்சம், நட்டநடுவில் பூஜ்யம். சிஎன்சியில் (கணினி ஓட்டும் மெஷின்) வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96 கட்டளையைப் போட்டால் மெஷினே சுற்றை ஏற்றிக்கொள்ளும். ஆனால் உச்ச சுற்றுக்கு வரம்பு போடாமல் அதைத் தொடாதே. நடுவை நெருங்கும்போது சக் வெறிபிடித்துச் சுற்றும்.

பழைய இங்கிலீஷ் லேத், வேக அட்டவணை மீட்டர்ல இல்ல, அடிக் கணக்குல இருக்கு.

100 அடி ஏறக்குறைய 30 மீட்டர். சுற்று வேண்டுமானால் அடி வேகத்தை நாலால் பெருக்கி, அங்குல விட்டத்தால் வகு. பட்டறைக்கு அது போதும்.

ஸ்டெயின்லெஸ்ல ட்ரில் எரியுது.

சுற்றைப் பாதியாக்கு, கூலண்டை (குளிர்விக்கும் திரவம்) ஊற்று, கையை அழுத்திக்கொண்டே இரு. வெட்டாமல் உரசினால் அந்த இடம் இறுகிவிடும்; பிறகு புது ட்ரில்லும் இறங்காது.